பெட்டிக்குள் இருந்த கையெழுத்துகள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் பாடசாலையின் சிறப்பு மலர் வெளிவந்தது. உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். ஆசியுரைகள், அனுசரணையாளர் விளம்பரங்கள், மலர்க்குழுவில் இருந்த ஆசிரியர்களான எங்கள் எல்லோருடைய படமும் பெயரும் என முன்பக்கங்கள் நிறைந்திருந்தன. இரண்டு நாள் கழித்து இடைவேளையில், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி வெள்ளவத்தை, மற்றவள் கொட்டாஞ்சேனை. மலரின் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் டைப் செய்து, எழுத்துப் பிழை பார்த்து, பக்கம் அமைத்து அச்சகத்துக்குக் கொடுத்தது அவர்கள்தான். மூன்று மாத வேலை.

"சேர், எங்கட பேர் எங்கயாவது இருக்கா? தேடிப் பார்த்தம், கிடைக்கல்ல."

கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறார்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

"கம்பியூட்டரைச் செய்தது யார்?" என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் இரண்டு பெயர்தான் சொல்வார்கள். ஒன்று பில் கேட்ஸ், மற்றது ஸ்டீவ் ஜொப்ஸ். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜொப்ஸைப் பெற்ற தந்தை அப்துல்பத்தாஹ் ஜந்தாலி சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தவர் என்ற பதிவு வருடத்துக்கு ஒரு முறையாவது நம்முடைய வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வருகிறது. தகவல் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து, தன் வேலைத்தளத்தில் வைத்துக் கைவேலை பழக்கிய போல் ஜொப்ஸ் என்ற மெக்கானிக்கின் பெயரை யாரும் பகிர்வதில்லை. அதேபோல, ஜொப்ஸின் புகழோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கணனியை உட்கார்ந்து செய்தவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது.

அந்தக் கணனியின் பெயர் மெக்கின்டோஷ். 1984 ஜனவரி 24 ஆம் திகதி அப்பிள் நிறுவனம் அதை வெளியிட்டது. விலை 2,495 அமெரிக்க டொலர். 9 அங்குலத் திரை, 128 கிலோபைட் நினைவகம். இன்று நம் கையிலுள்ள போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அந்த நினைவகத்தில் அடங்காது. ஆனால் மவுஸைப் பிடித்து, படத்தைச் சுட்டி, வேலை செய்யும் பழக்கத்தைச் சாதாரண மக்களிடம் பரப்பிய கணனிகளில் அதுவே முன்னோடி.

அந்தத் திட்டத்தை ஆரம்பித்தது ஜொப்ஸ் இல்லை. 1979 இல் ஜெஃப் ரஸ்கின் என்பவர் ஆரம்பித்தார். தனக்குப் பிடித்த ஓர் அப்பிள் பழ வகையின் பெயரையே திட்டத்துக்கும் வைத்தார். 1981 இல் ஜொப்ஸ் அதைத் தன் கைக்கு எடுத்தார். அடுத்த வருடம் ரஸ்கின் நிறுவனத்தை விட்டே போய்விட்டார். கணனியின் பிரதான மின்சுற்றை வடிவமைத்தவர் பரல் ஸ்மித். அப்பிளில் பழுதான கணனிகளைத் திருத்தும் பகுதியில் வேலை பார்த்தவர். தானாகவே படித்து வந்தவர். திரையில் கோடும் வட்டமும் வரையும் நிரலை எழுதியவர் பில் அட்கின்சன். அடிப்படை மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர் அன்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட். மின்சுற்றுப் பலகையில் ஒவ்வொரு கோடும் எங்கே ஓட வேண்டும் என்று வரைந்து கொடுத்தவர் கொலெட் அஸ்கெலண்ட் என்ற பெண்மணி.

1982 பெப்ரவரி 10 ஆம் திகதி, வாராந்தக் கூட்டம் முடிந்த பிறகு, இந்தக் குழுவினரை ஒரு பெரிய வரைதாளைச் சுற்றிக் கூட்டினார்கள். கலைஞன் தன் படைப்பில் கையெழுத்திடுவான், நாமும் இடுவோம் என்பது ஜொப்ஸின் யோசனை. முதலாவதாக அழைக்கப்பட்டவர் பரல் ஸ்மித். பழுது திருத்த வந்தவருக்கு முதல் மரியாதை. கடைசியாகக் கையெழுத்திட்டவர் ஜொப்ஸ். பின்னர் சேர்க்கப்பட்டவர்களோடு மொத்தம் 47 பெயர்கள். பொறியியலாளர்கள் மட்டுமில்லை. அலுவலக உதவியாளர்களும் மென்பொருள் பிரதிகளைப் பராமரித்தவரும் அதில் இருக்கிறார்கள். திட்டத்தை ஆரம்பித்த ரஸ்கினின் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துகளைக் கணனியின் பிளாஸ்டிக் உடலை வார்க்கும் அச்சிலேயே பொறித்தார்கள். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு மெக்கின்டோஷின் முதுகிலும் அவை இருந்தன. ஆனால் உட்புறத்தில். பெட்டியைக் கழற்ற நீளமான ஒரு விசேட ஸ்குரூ ட்ரைவர் வேண்டும். வாங்கியவர்களில் மிகப் பலர் அந்தப் பெயர்களைப் பார்க்காமலேயே வருடக்கணக்கில் அதைப் பாவித்தார்கள். பின்னைய மாதிரிகளில் உடலின் உள்ளமைப்பு மாறியபோது சில கையெழுத்துகள் காணாமலும் போயின.

அந்த 47 இல் இல்லாத ஒரு முக்கியமான பெயர் சூசன் கேர். சிரிக்கும் சின்னக் கணனி, குப்பைத்தொட்டி போன்ற சின்னங்களைச் சதுரக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தவர் அவர்தான். கையெழுத்து நாளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்ததால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மக்கள் அதிகம் பார்த்தது அவருடைய வேலையைத்தான். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு பட்டியல் போட்டாலும் ஒருவர் விடுபட்டுவிடுவார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஏன் பெயரை ஒளித்து வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் சில நிறுவனங்கள் ஊழியரின் பெயரை வெளியிடவே பயந்தன. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும், ஊழியரும் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பார். வீடியோ கேம் செய்த அட்டாரி நிறுவனம் அப்படித்தான் நடந்துகொண்டது. அங்கே 'எட்வென்ச்சர்' என்ற விளையாட்டைத் தனி ஆளாகச் செய்த வொரன் ரொபினெட், விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, இதைச் செய்தது நான்தான் என்று தன் பெயரை எழுதி வைத்தார். மேலதிகாரிகளிடம் மூச்சுவிடவில்லை. அவர் விலகிய பிறகு, விளையாடிய ஒரு பையன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதித்தான் நிறுவனத்துக்கே விசயம் தெரிந்தது. அதே அட்டாரியிலிருந்து வெளியேறிய நான்கு பேர் 1979 இல் அக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விளையாட்டின் அட்டையிலேயே செய்தவரின் பெயரைப் போட்டார்கள்.

1985 இல் வந்த அமிகா கணனியிலும் மேல்மூடியின் உட்புறத்தில் குழுவினரின் கையெழுத்துகள் உண்டு. தலைமைப் பொறியியலாளர் ஜே மைனரின் நாய்க்குட்டி மிட்சியின் பாதச் சுவடுகூட அதில் இருக்கிறது. பிறகு நிர்வாகத்தோடு மனம் கசந்த அந்த ஊழியர்கள், சில விசைகளை ஒன்றாக அழுத்தினால் மட்டும் தெரியும்படி மென்பொருளுக்குள் ஒரு செய்தியை ஒளித்து வைத்தார்கள். நாங்கள் செய்தோம், அவர்கள் கெடுத்தார்கள் என்பது அதன் சாரம். பெயரும் மதிப்பும் மறுக்கப்பட்டவர் எங்காவது ஒரு மூலையில் அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் போவார் போலும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் இருவரும் தமிழில் டைப் செய்தார்களே, அந்த வசதிக்குப் பின்னாலும் பெயர்கள் இருக்கின்றன. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகையை வடிவமைத்த முன்னோடி ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். தொழில் தேடி மலாயா, சிங்கப்பூர் பக்கம் போனவர். நூற்றுக்கணக்கான எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்குவது எப்படி என்று மண்டையைப் போட்டு உடைத்தவர். நம் அரச அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் தமிழ் டைப்ரைட்டரில் வேலை செய்து ஓய்வு பெற்ற எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இன்னொன்று. நம்மில் பலரிடம் அப்பிள் போன் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தைக் காட்டும் ஓர் எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம் எம்.என்.' சிங்களத்துக்கும் அதேபோல 'சின்ஹல சங்கம் எம்.என்.' உண்டு. அந்த 'எம்.என்.' யார்? முத்து நெடுமாறன். மலேசியத் தமிழர். 1985 இலிருந்து 'முரசு அஞ்சல்' மென்பொருள் மூலம் கணனியில் தமிழுக்காக உழைத்து வருபவர். 47 பேரின் கையெழுத்தைப் பெட்டிக்குள் வைத்த அதே நிறுவனத்தின் கருவிகளில், இன்று இந்நாட்டின் இரு மொழிகளுக்கும் ஒரு தமிழர் எழுத்து வடித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு முதலெழுத்துகள்தான் அவருடைய கையெழுத்து. தினமும் அந்த எழுத்தில் சலாம் சொல்கிறோம், மரண அறிவித்தல் அனுப்புகிறோம். யார் செய்தது என்று கேட்டதில்லை.

இப்போது எங்கள் மலருக்கு வருவோம். உழைத்தவரின் வியர்வை காயும் முன்னர் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்தப் பிள்ளைகள் கூலி கேட்கவில்லை. பெயர் மட்டும்தான் கேட்டார்கள். அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. "பிள்ளைகள்தானே, பாடசாலைக்குச் செய்ததுதானே" என்ற நினைப்புத்தான் காரணம். பெயர் போட்டால் போட்டி நிறுவனம் கொண்டு போய்விடும் என்ற பயம்கூட எங்களுக்கு இருக்கவில்லை. வெறும் கவனக்குறைவு. பிழை எங்களுடையது. இருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம்.

மலர்க்குழு கூடி ஒரு முடிவெடுத்திருக்கிறது. டைப் செய்த அந்த இரு மாணவிகள், அட்டைப்படம் வரைந்த மாணவன், அச்சகத்தில் இரவிரவாகப் பக்கம் மடித்துத் தைத்த சகோதரர்கள், மலர் வேலை நடந்த நாட்களில் இரவு எட்டு மணி வரை கணனி அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்த காவலாளி நானா, இவர்கள் எல்லோருடைய பெயரும் அடங்கிய ஒரு தாளை அச்சடித்திருக்கிறோம். கையிலுள்ள பிரதிகளில் ஒட்டியாகிவிட்டது.

வேண்டுகோள் இதுதான். மலரை ஏற்கெனவே வாங்கியவர்கள் பாடசாலை அலுவலகத்தில் அந்தத் தாளை இலவசமாகப் பெற்று, முன்பக்கத்தில் எங்கள் படங்களுக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்பதால் முகநூலில் பெயர் போடவில்லை. தாளில் இருக்கிறது. யாராவது இன்னும் விடுபட்டிருந்தால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள். சூசன் கேருக்கு நடந்தது இங்கேயும் நடந்திருக்கலாம். இன்னொரு தாள் அச்சடிப்பதில் எங்களுக்குக் கஷ்டமில்லை.