கட்லாவின் இரையைப் பறிக்கும் ஜிலேபி

குளத்தில் விட்ட கட்லா எடை கூடவில்லையா? தவிடு, புண்ணாக்கை அதிகப்படுத்தும் முன், ஜிலேபிக் குஞ்சுகள் திரிகின்றனவா என்று பாருங்கள். கட்லா மேல்மட்ட நீரிலுள்ள விலங்கின நுண்ணுயிர் மிதவைகளைத் தின்றே முக்கியமாக வளர்கிறது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான ஜிலேபியின் குஞ்சுகளுக்கும் அதுவே இரை. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் நிறையப் பிழைக்கும்; இரண்டு மூன்று மாதத்தில் அவையும் முட்டையிடத் தொடங்கிவிடும்.

டாப்னியா போன்ற பெரிய மிதவைகள்தான் முதலில் தீரும். பாசியை மேய்வது அவைதான் என்பதால், அவை குறைந்தால் நீர் கரும்பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்த்து, தீனி நிறைய இருக்கிறதென்று பலரும் ஏமாறுகிறார்கள். 50 லிட்டர் நீரை மிதவை வலையில் வடிகட்டுங்கள். 1 முதல் 2 மி.லி. தங்கினால் போதுமானது, ஆனால் அதில் துள்ளி நகரும் புள்ளிகள் இருக்க வேண்டும். வெறும் பச்சைக் குழம்பு என்றால் அது பாசி.

குளத்தை வற்றவிட்டுக் காயப்போடுவதே நல்லது. வற்றாத குளத்தில், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு, 1 மீட்டர் ஆழ நீருக்கு எக்டருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். நீர் வரும் மடையில் நெருக்கமான வலை கட்டாவிட்டால் இந்தச் செலவு வீண்.