வேலூர் வட்டாரத்தில் பீடித் தொழில்

வேலூர், ஆம்பூர் வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்காக அறியப்பட்ட பகுதி. இதே பாலாற்றுப் படுகையின் வீடுகளில் பல தலைமுறைகளாக நடந்துவரும் மற்றொரு தொழில் பீடி சுற்றுதல். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, மேல்விசாரம் ஆகிய ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெரும்பாலும் பெண்களே இதைச் செய்கின்றனர். பிழைப்புக்கு வழியாகவும் நோய்க்குக் காரணமாகவும் ஒரே பொருள் இருப்பதே இத்தொழிலின் வரலாற்றுச் சிக்கல்.

தோற்றம்

புகையிலை போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பீடி 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு இந்தியாவில் பரவி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய இந்தியாவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா போன்ற மாநிலக் காடுகளிலிருந்து வருகிறது. இயந்திரமோ பெரிய கட்டடமோ தேவையில்லாததால் தொழில் எளிதில் வீடுகளுக்குள் நுழைந்தது.

ஒப்பந்தக்காரர் இலையும் தூளும் எடை போட்டுத் தருவார். இலையை நனைத்துப் பதமாக்கி, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டவேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். தரமில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் வழக்கமும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. கொத்தடிமை முறை 1976-இலும், பீடித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவது 1986-இலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டன.

நிகோட்டின்

புகையிலையிலிருந்து நிகோட்டினை 1828-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் ஆகிய இருவரும் பிரித்தெடுத்தனர். புகையை இழுத்த சில நொடிகளில் அது மூளையை அடைந்து டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. அப்போது எரிச்சல், கவனச் சிதறல், அடுத்த பீடிக்கான ஏக்கம் ஆகியவை தோன்றுகின்றன. இதுவே அடிமைத்தனம்.

பீடியில் சிகரெட்டைவிடக் குறைவான தூளே இருக்கிறது. ஆனால் பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். எனவே ‘சின்னது, தீங்கு குறைவு’ என்ற நம்பிக்கை தவறானது.

உடல்நலப் பாதிப்பு

புகைப்பழக்கம் நுரையீரல், வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும், மாரடைப்புக்கும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் காரணமாகிறது. தமிழ்நாட்டில் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்த கஜலட்சுமி குழுவினரின் கட்டுரை 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது.

பீடியைப் புகைக்காமல் சுற்ற மட்டும் செய்பவரும் தப்புவதில்லை. தூள் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உள்ளே செல்கிறது. நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின், பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில் கண்டறியப்பட்டுள்ளது. நாள் முழுவதும் குனிந்து உட்காருவதால் முதுகு, கழுத்து வலியும், தூளால் இருமலும் வருகின்றன.

சட்டங்கள்

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்தது. 1976-இல் நல நிதி ஏற்பட்டு மருத்துவ உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டு வசதி கிடைத்தன. ஆனால் அந்நிதி பீடி உற்பத்தி மீதான தீர்வையிலிருந்தே திரட்டப்பட்டது. அதாவது, சுற்றும் பெண்ணின் மகளுக்கு உதவித்தொகை கிடைக்க வேறெங்கோ ஒருவர் புகைக்கவேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் இத்தீர்வை நீக்கப்பட்டது.

எச்சரிக்கையிலும் பீடி பின்தங்கியது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டமே பீடியையும் உள்ளடக்கியது. எச்சரிக்கைப் படங்கள் 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழைகளின் புகைக்கு எச்சரிக்கை வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமானது.

இன்றைய நிலை

2016-17-ஆம் ஆண்டு தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெரியவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு வரியை முடிவு செய்தபோது, பீடி வரியை 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்க முடிவெடுத்தது. தொழிலாளர் பிழைப்பைக் காக்கும் நோக்கம் ஒருபுறம். மலிவான பீடி புகைப்பவரை விடாது என்பது மறுபுறம்.

இந்தியா 2004-இல் ஏற்ற உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, 17-ஆம் பிரிவில் புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தேட வலியுறுத்துகிறது. புகைப்பவரின் நுரையீரலையும் சுற்றுபவரின் அடுப்பையும் சேர்த்துக் காக்கும் வழி அதுவே. வேலூர் வட்டாரத்தில் தோல், காலணித் தொழிற்சாலைகள் பெண்களுக்கு வேலை தருகின்றன. ஆயினும் வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாத பெண்களுக்கு மாற்றுத் தொழில் கிடைக்கும்வரை, முறத்தில் தூள் இருந்துகொண்டே இருக்கும்.