எல்லிக்கோன் இல்லம்: ஒரு வரலாற்றுப் பாடம்

குடிநோயினின்று விடுபட விழைவோரைத் தங்கவைத்துப் பேணும் இல்லங்கள் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றின. அவற்றுள் சுவிட்சர்லாந்து நாட்டின் எல்லிக்கோன் இல்லம் நம் கவனத்திற்குரியது. இத்தகைய இல்லத்தை நடத்துகிறவர் எத்தகையவராயிருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அதன் வரலாறு விடையளிக்கிறது.

1877ஆம் ஆண்டு ஜெனீவாவில் லூயி லூசியன் ரோஷா என்னும் போதகர் ஒரு மதுவிலக்குச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அது நீலச் சிலுவைச் சங்கம் எனப் பெயர் பெற்றது. கடவுளின் துணையோடு ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு மதுவைத் தவிர்ப்பதாக உறுப்பினர் கையொப்பமிட்டனர். திருவிருந்துக்கும் மருத்துவர் பணித்ததற்கும் விலக்களிக்கப்பட்டது. குடிக்கு அடிமையாகாதோரும், நலிந்த சகோதரர் பொருட்டு, அதே உறுதிமொழியை ஏற்றனர்.

சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் தலைவராக 1879ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் அகஸ்ட் ஃபோரல் (1848–1931). பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் திருச்சபையின் விசுவாசத்தை ஏற்காதவர். இவரிடம் சிகிச்சை பெற்ற குடிநோயாளர் வெளியே சென்றதும் மீண்டும் குடித்தனர். நீலச் சிலுவைச் சங்கத்தைச் சார்ந்த யாக்கோப் போஸ்ஹார்ட் என்னும் காலணி தைக்கும் தொழிலாளரோ, கல்வியில் எளியவராயினும், பலரைக் குடியினின்று மீட்டு வந்தார். இதன் காரணம் யாதெனப் பேராசிரியர் வினவினார். தாம் மது அருந்துவதில்லை, பேராசிரியரோ அருந்துகிறார், வேறுபாடு அதுவே என்பது தொழிலாளரின் மறுமொழி. ஃபோரல் நாணினார், தாமும் மதுவை முற்றிலும் துறந்தார்.

1889ஆம் ஆண்டு, துர் ஆற்றையொட்டிய எல்லிக்கோன் ஊரில், ஃபோரலின் முயற்சியால் குடிநோயாளர் இல்லம் திறக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு போஸ்ஹார்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கு வந்தோர் நிலத்திலும் தோட்டத்திலும் உழைத்தனர். நோயாளர் மட்டுமன்றி, இல்லத்தார் அனைவருமே மதுவைத் தவிர்த்தனர். பிற்காலத்தில் அவ்வில்லம் ஃபோரலின் பெயரையே தாங்கிய மருத்துவமனையாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கற்பவை இரண்டு. முதலாவது, விசுவாசமும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்க வேண்டுவதில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஊறு நேரலாம் என இன்று அறிவோம். ஆகவே, மருத்துவரின் துணையின்றி ஜெபத்தை மட்டும் முன்வைத்து இல்லம் நடத்துவது விசுவாசமன்று, கவனக்குறைவே எனக் கருதுகிறோம்.

இரண்டாவது, இன்னும் ஆழமானது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், சகோதரன் இடறாதபடி இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுதல் நலமெனப் பவுல் போதிக்கிறார். அவ்விடுதலை குடிநோயாளரிடம் மட்டும் கேட்பது எளிது. அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர் விடுவதைத் தாமும் விட்டு, அவர் உழைக்கும் நிலத்தில் தாமும் உழைப்பதே கடினம். கட்டடமும் நிதியும் தேடுமுன், இவ்விலையைக் கொடுக்க ஆயத்தமா என்று ஊழியர் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிவாராக.