பேருந்து ஏறிய நீதி

விருதுநகரில் பேருந்து ஏறுகிறோம். ஆமத்தூர், திருத்தங்கல் கடந்து சிவகாசி நோக்கி வண்டி விரைகிறது. பட்டாசு ஆலையில் உழைத்து, அலுமினியப் பொடி மின்னும் கைகளோடு வரும் தோழர் நம் பக்கத்தில் அமர்கிறார். நடத்துநர் கேட்பது இறங்கும் ஊரை, பிறந்த குலத்தையன்று. இதில் என்ன புதுமை என்பீர்கள். ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன், இதே மண்ணில், காசை நீட்டியும் வண்டியில் ஏற முடியாத மக்கள் இருந்தனர், தோழர்களே!

அந்தக் கொடுமைக்கு ஆணையிட்டு அணை கட்டியவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். 1893-இல் பிறந்தவர், காப்பித் தோட்டச் செல்வர், 1920-களில் சென்னைச் சட்டசபையில் நீதிக்கட்சியின் குரலாக அமர்ந்தவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது சட்டசபைப் பேச்சால் அல்ல. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியால்.

அந்த நாற்காலியின் அருமை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். 'தீட்டு' என்று வழக்குத் தொடுத்தார் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் அங்கும் நாடார்களுக்குத் தோல்வியே. இடையில், 1899 ஜூன் 6-ஆம் நாள், சிவகாசியே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. 'சிவகாசிக் கொள்ளை' என்று ஊரார் அதனை நினைவில் வைத்தனர். சாமியைக் காணச் சென்றதற்கு அது விலை!

அதே மாவட்டத்தில், முப்பதாண்டு கழிவதற்குள், அதே குலத்தில் பிறந்த ஒருவர் போர்டின் தலைவர். பழி தீர்த்திருக்கலாம். அல்லது, மேலேறியவர் பலர் செய்வதுபோல், ஏணியை எட்டி உதைத்திருக்கலாம். சௌந்தரபாண்டியனாரோ தமக்கும் கீழே நிறுத்தப்பட்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். பேருந்துக்கு உரிமம் தரும் அதிகாரம் அந்நாளில் போர்டின் கையில் இருந்தது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். முதலாளியின் மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உரிமம் போனால் வருமானம் போகுமே! சாத்திரம் பேசியவர்கள் கணக்குப் பார்த்தனர், கதவு திறந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் இவரே. சாதிப்பட்டத்தைத் துறக்க வேண்டுமென அம்மாநாடு தீர்மானித்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. தீர்மானத்தை ஏட்டோடு விட்டுவிடாமல் தம் பெயரின் வாலையும் தலைவர் வெட்டியெறிந்தார். நாடார் மகாஜன சங்கத்தில் முன்னணியில் நின்றவர் 'நாடார்' பட்டத்தைத் துறப்பது எளிதா? சொந்தச் சுற்றத்தின் முகச்சுளிப்பைத் தாங்கும் நெஞ்சுரம் வேண்டும். 1931-இல் மூன்றாம் மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடியது. மண் அதற்குள் அவ்வளவு பண்பட்டிருந்தது.

முற்றும் பண்பட்டுவிட்டதா? 1953-இல் அவர் மறைந்தார். 1985-இல் விருதுநகர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1997-இல் இங்கே ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்குத் தளபதி சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்றனர் சிலர், கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும், தலைவர் பெயர்கள் அனைத்தையும் அவ்வாண்டே அரசு நீக்கியது. நீக்கியது நம் இயக்கம் வளர்த்த ஆட்சியே. அதனை மறைத்து எழுத நமக்கு மனமில்லை. அமைதி வேண்டுமென்பது அவர்கள் சொன்ன காரணம். ஆயினும் அன்று தோற்றவர் யார்?

இக்கதையை வகுப்பில் கூறியபோது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஏற்ற மறுத்தவனிடம் உரிமத்தைப் பறித்தார்கள், சரி ஐயா. ஏற மறுத்தவனிடம் எதைப் பறிப்பது?" மணி அடித்த பிறகும் அந்த வகுப்பு கலையவில்லை.