கொலுப்படியில் ஒரு படை

புரட்டாசி பிறந்ததும் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளில் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் கீழே இறங்கும். பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி வைத்ததைப் பிரித்தால் தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியாரும் வெளியே வருவார்கள். சில வீடுகளில் அவர்களோடு இன்னொரு கூட்டமும் வரும்: சிவப்புச் சட்டை போட்ட பேண்டு வாத்தியக்காரர்கள், துப்பாக்கியைத் தோளில் சாய்த்த சிப்பாய்கள், குதிரைமேல் ஓர் அதிகாரி. கொலுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தெய்வப் பொம்மைகளோடு நின்றுவிடுகிறது. கீழ்ப்படியில் நிற்கும் இந்தச் சீருடைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் விடை நியூரம்பர்க், லண்டன், வேலூர், சங்ககிரி என்று பல ஊர்களுக்கு இழுத்துச் செல்கிறது.

மேலை நாடுகளில் பொம்மைப் படை சேர்ப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. தமிழ்நாட்டில் சிப்பாய் பொம்மையை வாங்கியவர்கள், துணி சுற்றிக் காத்தவர்கள், மகளிடமோ மருமகளிடமோ ஒப்படைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இங்கே அந்தப் பொம்மை போர்க்களத்துக்குப் போகாமல் ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹில்பெர்ட் என்ற கைவினைஞர் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் புகழ் அந்தச் சந்தையை வளர்த்தது. பிறகு பிரான்சில் எல்லாப் பக்கமும் உருண்டு திரண்ட சிப்பாய்கள் வந்தன. ஆனால் அவை கனமானவை, விலையும் அதிகம். 1893இல் லண்டன் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் புதுவழி கண்டது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் நடுவில் இன்னும் இறுகாத குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது உள்ளே வெறுமையான, எடை குறைந்த, ஏழைப் பையனும் காசு சேர்த்து வாங்கக்கூடிய ஒரு சிப்பாய். உயரம் 54 மில்லிமீட்டர். இன்றுவரை உலகச் சேகரிப்பாளர்கள் மதிக்கும் அளவுகோல் அதுதான்.

இந்தப் பொம்மைகளை வைத்து விளையாடியவர்களில் இரண்டு பெயர்களை விட்டுவிட முடியாது. வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் ஏறத்தாழ 1,500 சிப்பாய்களை அணிவகுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தந்தை அவரைப் படைக்கு அனுப்பத் தீர்மானித்தார் என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து 1896இல் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில், தரையில் பொம்மைப் படைகளை நிறுத்திச் சண்டையிடுவதற்கான விதிகளையே வகுத்துத் தந்தார். தந்தை, மகன், சகோதரன், நண்பன் என்று இந்த உலகம் முழுக்க ஆண்களால் நிரம்பியது.

பிரிட்டன் நிறுவனத்தின் பட்டியலில் மதராஸ் படையும் இருந்தது. மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, மதராஸ் குதிரைப்படை என்ற பெயர்களில் பெட்டிகள் விற்கப்பட்டன. தலைப்பாகை கட்டிய தமிழ், தெலுங்குச் சிப்பாயின் உருவம் லண்டனில் வார்க்கப்பட்டு ஆங்கிலேயக் குழந்தைகளின் கைகளுக்குப் போனது. அந்தப் பெட்டிகள் இன்று ஏலங்களில் தேடி வாங்கப்படுகின்றன. அட்டைப் பெட்டியும் மேலொட்டிய சீட்டும் கிழியாமல் இருந்தால் மதிப்பு இன்னும் கூடும்.

அந்தச் சிப்பாயின் அசல், சேலத்துக்கு அந்நியன் அல்ல. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானின் கையிலிருந்த பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி நிர்வாகத்தை ஏற்றார். அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ, பின்னாளில் மதராஸ் கவர்னரானார். சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டபோது காவல் நின்றதும் கம்பெனிப் படைதான். கம்பெனிச் சிப்பாயின் தோற்றத்தை அக்காலத் தஞ்சாவூர் ஓவியர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள்: மேலே ஐரோப்பியச் சிவப்புக் கோட்டு, கீழே தொடைவரை நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, காலில் பூட்ஸ் கிடையாது. பக்கத்தில் அவன் மனைவியையும் நிறுத்தி வரைந்த படங்கள் பல உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் நினைவுப் பொருளாக வாங்கிப்போன படங்கள் இவை.

சீருடையில் ஒரு சிறு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதிய தலைப்பாகை அறிவிக்கப்பட்டது. அதில் தோலால் ஆன சின்னம் ஒன்று இருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது என்றும் தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளும் ஒரு காரணம்தான், ஆனால் தலைப்பாகைதான் பற்றவைத்தது. பொம்மை சேர்ப்பவர்கள் ஒரு பொத்தானுக்கும் ஒரு பட்டைக்கும் மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வேலூரை நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தலையணியைச் சரியாகக் காட்டும் ஒரு சிறு உருவம், பக்கம் பக்கமான விளக்கத்தைவிடத் தெளிவாக அந்த வரலாற்றைச் சொல்லும்.

இதே காலத்தில் இந்தியக் கைகளும் சிறு சிப்பாய்களைச் செதுக்கின. வங்காளத்தின் பெர்காம்பூரில் தந்தத்தில் கடைந்த சதுரங்கக் காய்கள் புகழ்பெற்றவை. ஒரு பக்கம் கம்பெனிப் படை, எதிரே இந்திய அரசனின் படை. முன்வரிசைக் காய்கள் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள். இந்த வகைச் சதுரங்கத்தைச் சேகரிப்பாளர்கள் ‘ஜான் கம்பெனி’ என்ற பெயரால் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சிப்பாய் வேறு இடத்தில் ஏறி நின்றான். செட்டிநாட்டு மாளிகைகளின் முகப்பில் சுதையால் செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் நிற்கிறார்கள். வாயில் காப்போன் என்ற பழைய இடத்தில் அவன் சுலபமாகப் பொருந்திக்கொண்டான். சேலம் வட்டாரத்தில் ஆயுதம் ஏந்திய காவல் உருவத்துக்குப் பஞ்சமே இல்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் முன்மண்டபத் தூண்களில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். வெண்ணங்கொடி முனியப்பன் கோயிலில் மீசையும் ஆயுதமுமாகப் பெரிய உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. படைக்கலம் தாங்கியவனை வணங்கும் கண்ணுக்குச் சிறு சிப்பாய் பொம்மை புதிதாகத் தெரிந்திருக்காது.

கொலுவுக்கு அரச ஆதரவின் வழியும் உண்டு. மைசூர் அரண்மனையில் ‘கொம்பே தொட்டி’ எனப்படும் பொம்மைக் கூடத்தில் 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த பொம்மைகள் இருக்கின்றன. இந்தியப் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே ஐரோப்பியப் பொம்மைகளும் இடம்பெற்றன. தசரா ஊர்வலத்தில் யானைக்கு முன்னும் பின்னும் சென்ற குதிரைப்படையும் பேண்டும், ஊர்வல ‘செட்’ ஆகிக் கொலுப்படிக்கு வந்தன. தமிழ்நாட்டு அங்காடிகளில் ‘மைசூர் தசரா செட்’ இன்றும் விலைபோகிறது.

பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி ஆகிய இடங்களில் செய்யும் பொம்மைகள்தான் தமிழகமெங்கும் பரவுகின்றன. சேலம் பூம்புகார் விற்பனை நிலையமும் ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி வைக்கிறது. ஒரு பேண்டு செட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. களிமண்ணையோ காகிதக்கூழையோ அச்சில் அழுத்தி, இரண்டையும் ஒட்டி, நிழலில் உலர்த்துவார்கள். களிமண் என்றால் சூளையில் சுடுவதும் உண்டு. பக்கவாட்டில் ஒட்டிய கோட்டை உரசி மழுக்கி, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம். எல்லாரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள் என்பதால் முகம் ஒன்றுபோல இருக்கும். மீசையை ஒரே இழுப்பில் போட்டிருப்பார்கள். எக்காளம், மேளம், கிளாரினெட் மட்டும் தனியே செய்து ஒட்டியிருக்கும். தலைவன் கையில் ஒரு கோல். துப்பாக்கிச் சிப்பாய்களும் இதே முறைதான். ஆனால் துப்பாக்கி மெல்லியது, முதலில் உடைவதும் அதுவே.

ஐரோப்பியச் சேகரிப்பாளர் முதலில் அளவைப் பார்ப்பார். கொலுவில் அளவு செட்டுக்குள் மட்டும்தான். பேண்டுக்காரன் பக்கத்தில் வைத்த வீட்டுப் பொம்மையைவிட உயரமாக நின்றாலும் யாரும் குறை சொல்வதில்லை. அவனுடைய வேலை சண்டையும் அல்ல. கல்யாண செட்டுக்கு முன்னால் வாசிப்பான், சாமி புறப்பாட்டுக்கு முன்னால் வாசிப்பான். சுமங்கலிகளை அழைத்துத் தாம்பூலம் கொடுக்கும் சடங்கின் நடுவே, ரத்தம் சிந்தும் காட்சிக்கு இடமில்லை. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்ற வழக்கத்தால் சேகரிப்பு தலைமுறை தலைமுறையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் படைப் பொம்மைக்கு இத்தகைய முறையான, பெண்வழி வாரிசுரிமை கிடைத்ததா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

சீருடை வேறு வழிகளிலும் பொதுமக்கள் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ படத்தை எடுத்தது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அந்தப் போர்க்கதை, ஊர்ச் சந்தையில் சிப்பாய்க்குக் கவர்ச்சி கூட்டியிருக்கலாம்.

அடுத்த திருப்பம் பிளாஸ்டிக். 1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈயச் சிப்பாய் வார்ப்பதை நிறுத்தியது. நச்சு உலோகத்தைப் பற்றிய கட்டுப்பாடுகள் காரணம். அமெரிக்காவில் 1964இல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ‘ஜி.ஐ. ஜோ’ 1982இல் உள்ளங்கைக்குள் அடங்கும் உருவமாகச் சுருங்கியது. எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் தலைமையிடம் சென்னை. அது கோவாவில் ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்து இந்தியக் கடைகளுக்கு அனுப்பியது. அமெரிக்க அச்சுகளே என்றாலும் வண்ணம் வேறு. அசலில் பச்சையாக இருந்தது இங்கே நீலமாகவோ மஞ்சளாகவோ மாறியது. ஒருவன் உடம்பில் இன்னொருவன் தலை ஏறியதும் உண்டு. 1990களில் தமிழ்நாட்டுப் பையன்கள் மண்ணில் புரட்டி விளையாடிய அந்த உருவங்களைப் பிரிக்காத அட்டையோடு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். தரக்குறைவு என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்ட அந்த வேறுபாடுதான் இன்று அவற்றின் மதிப்பு.

கொலுச் சிப்பாய்களுக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. காரணம் தெளிவானது. பின்னமான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்று கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள், களிமண் கரைந்துபோகும். தப்பியவற்றுக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை புது எனாமல் பூச்சு. சிவப்புக் கோட்டு காக்கியாகும், தலைப்பாகை தொப்பியாகும், கைப்பட்டை மறையும். உலகச் சேகரிப்பாளர் பழைய வண்ணம் உரிந்திருந்தாலும் தொட மாட்டார். நமக்குப் புதுப்பிப்பதே மங்கலம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது; ஆனால் வரலாற்றுக்குச் சேதம் நேர்வது இரண்டாவதில்தான்.

இதற்கு வழி பெரிய அருங்காட்சியகம் அல்ல. ஃபேர்லேண்ட்ஸ் போன்ற இடங்களில் பெட்டி பிரிக்கும் நாளிலேயே ஒவ்வொரு செட்டையும் நான்கு பக்கமும் படம் எடுக்கலாம். அடியில் அச்சு ஒட்டிய கோடு, துளை, செய்தவரின் குறி ஏதேனும் உண்டா என்று பார்க்கலாம். வாங்கிய ஊர், வாங்கிய ஆண்டு, வாங்கித் தந்த பாட்டியின் அல்லது அத்தையின் நினைவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதலாம். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டலாம். ஈரத்துணி களிமண்ணுக்கு ஆகாது. வண்ணம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தால் அதைப் பூசி மறைக்காமல், எத்தனை அடுக்கு என்பதையும் குறிக்கலாம். துப்பாக்கி முறிந்தவனையும் பின்வரிசையில் நிறுத்தி, முறிந்த துண்டைத் தீப்பெட்டியில் போட்டு அதே செட்டின் பெட்டியில் சேர்த்து வைக்கலாம்.