பழவேற்காட்டில் கூட்டம் எப்போது கூடுகிறது?

சாஃப்ட்வேர் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1950களில் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதியது. ஒரு கமிட்டி முன்னால் அணு உலைத் திட்டம் வருகிறது. யாருக்கும் புரியவில்லை, இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல். அடுத்து சைக்கிள் கொட்டகை. ஆளாளுக்குக் கருத்து, முக்கால் மணி நேர வாதம்.

சர்ச்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டால், நம்மிடம் தயாராக இருக்கும் பதில் இதுதான்: எளிதாகப் புரிகிறது, அதனால் எல்லாரும் பேசுகிறார்கள். பழவேற்காட்டு மீனவ ஊர்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு இந்தப் பதில் போதவில்லை.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு மூலை திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் உள்ள இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அந்த இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதற்கு அந்த மக்கள் கண்ட ஏற்பாடுதான் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்து வலை போடும். இன்று உன் முறை என்றால் நாளை என் முறை. தமிழில் பாடு என்றால் கஷ்டம். மீன்பாடு என்றால் கிடைத்த மீன். இங்கே அதே சொல் உரிமைக்கும் பெயர்.

முறை ஒழுங்காக ஓடும்போது அதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை, வலையோடு போனால் போதும். இறால் ஏற்றுமதிச் சரக்கானதும் கதை மாறியது. பாட்டு உரிமை இல்லாத ஊர்களும் பங்கு கேட்டன. 'எங்கள் பாட்டன் காலத்து வழக்கம்' என்றது ஒரு பக்கம். 'ஏரி என்ன உங்களுக்கு மட்டுமா?' என்றது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இது சைக்கிள் கொட்டகை இல்லை, வீட்டு அடுப்பு எரிவது இதில்தான். அந்த நேரத்தில் வீட்டில் இருந்துவிட்டால் தன் முறை போய்விடும் என்று பயந்துதான் ஆள் வருகிறது.

என் கணிப்பு இது. ஒரு விஷயத்துக்குக் கூட்டம் சேர இரண்டு சங்கதி வேண்டும். முடிவு இன்னும் எடுக்கப்படாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் வந்து நின்றால் பலன் உண்டு. எதிரில் ஒரு முகமும் தெரிய வேண்டும்.

தமிழகக் கடலோரம் முழுக்க இதைப் பார்க்கலாம். 1970களில் விசைப்படகுகளுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் மோதல் முற்றியது. அதன் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்ற விதி, சண்டை போட்டு வாங்கியது.

அடுத்து காட்டுப்பள்ளி. பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் இந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்க அதானி குழுமம் திட்டம் போட்டது. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலையே நிரப்பி எடுப்பது. 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி தேதி வைத்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் மீனவ ஊர்கள் கொதித்தன. கடலுக்கே போகாத சென்னைவாசிகளும் பேசினார்கள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஒரு விதி இருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. பத்து பேர் வந்தாலும் அது கூட்டம்தான். அதாவது, வராமல் இருந்தால் எதுவும் நிற்காது. ஆனால் வந்த ஒவ்வொருவருக்கும் பேசவோ விளக்கம் கேட்கவோ வாய்ப்புத் தர வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்கமாக ஆண்கள்தான் உட்காருவார்கள். பாட்டில் பங்கில்லாமல் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அங்கே என்ன இடம்? சர்ச்சை பெரிதாகி இந்தக் கூட்டம் வரை வந்தால்தான், சட்டப்படி அவர்களும் மைக் பிடிக்க முடியும். 'எதுக்கெடுத்தாலும் சண்டையா?' என்று சலித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பழவேற்காடு முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும். அது அடைபட்டால் கடல் நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரிக்கு இது உயிர்ப் பிரச்சினை. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் பல வருடமாகக் கேட்டு வந்தார்கள். காட்டுப்பள்ளி பற்றி நான் சூடாக விவாதித்த நாட்களில் இந்த விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஏன்? மணலுக்கு முகம் இல்லை. கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை, எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

எங்கே முடிவு இன்னும் திறந்திருக்கிறது என்பதைக் கூட்டம் காட்டும். எங்கே ஆபத்து இருக்கிறது என்பதை அது எப்போதும் காட்டாது. பாட்டுக்காக மூன்று ஊரும் இன்னும் பல ஊர்களும் மல்லுக்கட்டலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் முகத்துவாரம் மூடிக்கொண்டால் யார் முறை என்று சண்டை போடக்கூட அங்கே இறால் இருக்காது.