மனைப்பிரிவுத் தெருவிளக்கு

மனைப்பிரிவுத் தெருவிளக்கு என்பது, வயலாகவோ தரிசாகவோ கிடந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டுக் குடியிருப்பாக மாறும்போது அதன் உள்சாலைகளில் நிறுவப்படும் பொது விளக்கு அமைப்பு. நெடுஞ்சாலை விளக்கு வண்டி ஓட்டுபவரை மனத்தில் வைத்து அமைக்கப்படுவது. மனைப்பிரிவு விளக்கு முதன்மையாக நடந்து போகிறவருக்கு உரியது. அதன் தரத்தை மூன்று அளவுகளால் மதிப்பிடலாம்: தரையில் விழும் சராசரி ஒளி, அந்த ஒளியின் சீர்மை, எதிரே வருபவரின் முகத்திலும் உடலிலும் படும் நிலைக்குத்து ஒளி. ஒளியின் அளவு லக்ஸில் குறிக்கப்படும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லுமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். முழுநிலா நாளில் தரையில் கிடைப்பது சுமார் கால் லக்ஸ்.

வரலாறு

நகரம் முழுவதற்கும் ஒரே திட்டத்தில் விளக்கிடும் முயற்சி 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பாரிஸின் காவல் தலைவர் லா ரெய்னி 1667இல் தெருக்களில் மெழுகுவத்திக் கூண்டுகளைத் தொங்கவிடச் செய்தார். ஓவியரும் கருவி வடிவமைப்பாளருமான யான் வான் டெர் ஹெய்டன் ஆம்ஸ்டர்டாமுக்கு வகுத்த திட்டம் 1669இல் ஏற்கப்பட்டது. சுமார் 2,500 எண்ணெய் விளக்குகள் கொண்ட அத்திட்டத்தில் விளக்குகளின் வடிவம், இடைவெளி, எண்ணெய்ச் செலவு ஆகியவை முன்கூட்டியே கணக்கிடப்பட்டன. இரவில் தெரு தெரியாமல் கால்வாய்களில் விழுந்து மக்கள் இறந்த நகரம் அது. தெருவிளக்குத் தரம் என்ற எண்ணத்துக்கு நடப்பவரின் உயிரைக் காக்கும் தேவையும் ஒரு காரணம்.

லண்டனின் பால்மால் தெருவில் 1807இல் எரிவாயு விளக்கின் முன்னோடி வின்சர் அவ்விளக்கை ஏற்றிக் காட்டினார். கல்கத்தாவுக்கு எரிவாயுத் தெருவிளக்கு 1857இல் வந்தது. பாரிஸ் தெருக்களில் 1878இல் ரஷ்யப் பொறியாளர் யாப்லொச்கோவின் வில்விளக்குகள் (கரிமுனைகளுக்கிடையே மின்வில்லால் ஒளிர்பவை) எரிந்தன. ஷாங்காய் 1882இல் வில்விளக்கைப் பெற்றது. இந்தியாவில் டார்ஜிலிங் நகராட்சி சித்ராபோங்கில் 1897இல் நிறுவிய 130 கிலோவாட் நீர்மின் நிலையம் அந்த மலைநகரின் தெருக்களுக்கு ஒளி தந்தது. சிவனசமுத்திர நீர்மின் நிலையத்து மின்சாரத்தால் பெங்களூருத் தெருவிளக்குகள் 1905 ஆகஸ்ட் 5 அன்று ஏற்றப்பட்டன.

மோட்டார் வண்டி பெருகியதும் நோக்கம் மாறியது. நெதர்லாந்தில் பேக் – கெலேன் சாலையில் 1932இல் சோடியம் விளக்கு முதன்முதலில் நிறுவப்பட்டது. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கு ஏறத்தாழ ஒரே அலைநீள மஞ்சள் ஒளியைத் தருவதால், அதில் நிறங்களைப் பிரித்தறிய முடியாது. ஓட்டுநருக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சகக் குழு 1937இல் அளித்த அறிக்கை சாலைகளை இரண்டு பிரிவாக்கி, போக்குவரத்துச் சாலைகளுக்கு 25 அடி உயரத்திலும் மற்றச் சாலைகளுக்குத் தாழ்வாகவும் விளக்குகளைப் பொருத்தச் சொன்னது. ஒளியூட்டப்பட்ட சாலைப் பரப்பின் பின்னணியில் மனிதர் கருநிழலாகத் தெரிந்தால் ஓட்டுநர் பிரேக் பிடிக்க அது போதும் என்பது அக்காலக் கோட்பாடு. வால்ட்ராம் போன்ற பொறியாளர்கள் இதை நுட்பமாக வளர்த்தெடுத்தனர். எதிரே வருபவர் யார், எப்படிப்பட்டவர் என்று நடப்பவர் அறிய வேண்டிய தேவைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வகைப்பாடு

இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1944, பொதுச் சாலை விளக்குகளுக்கான நடைமுறை விதித்தொகுப்பு. இதன் முதலிரண்டு பகுதிகள் 1970இல் வெளியாயின. அது சாலைகளை ஆறு பிரிவுகளாக வகுக்கிறது:

ஏ – முதன்மைச் சாலைகள்
பி – இரண்டாம் நிலைச் சாலைகள்
சி – குடியிருப்புச் சாலைகளும் பிற பிரிவுகளில் அடங்காத சாலைகளும்
டி – பாலங்கள், மேம்பாலங்கள்
இ – நகர மையங்கள்
எஃப் – விமான நிலையம், ரயில் பாதை போன்றவற்றை ஒட்டிய தனித்தேவைச் சாலைகள்

ஏ, பி பிரிவுகள் ஒவ்வொன்றும் மேலும் இரண்டாகப் பிரிகின்றன. சராசரி ஒளி ஏ1 சாலைக்கு 30 லக்ஸ், ஏ2வுக்கு 15, பி1க்கு 8, பி2வுக்கு 4. மிகக்குறைந்த ஒளிக்கும் சராசரி ஒளிக்கும் உள்ள விகிதம் ஏ பிரிவில் 0.4, பி பிரிவில் 0.3. இந்த அட்டவணை பி2வோடு முடிந்துவிடுகிறது. நாட்டு மக்கள் அன்றாடம் நடக்கும் தெருக்கள் அடங்கிய சி பிரிவுக்கு அதில் வரிசை இல்லை. எனவே மனைப்பிரிவு வரைபடங்களில் பி2வின் 4 லக்ஸையே இரவல் வாங்குவது வழக்கம்.

பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் இந்தக் குறையைச் சரியாகத் தீர்த்தது. அதன் 115ஆம் வெளியீடு (2010) மோட்டார் சாலை, போக்குவரத்துகள் குறுக்கிடும் மோதல் பகுதி, நடப்போர் பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனி வகுப்புகளைத் தருகிறது. நடப்போருக்கான ஆறு வகுப்புகளின் சராசரி ஒளி முறையே 15, 10, 7.5, 5, 3, 2 லக்ஸ். ஒவ்வொன்றிலும் எந்த இடத்திலும் சராசரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே ஒளி போகக் கூடாது. நடப்பவர் எண்ணிக்கை, வண்டிகளின் கலப்பு, நிறுத்திவைத்த வண்டிகள், முகமறியும் தேவை ஆகியவற்றைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முகமறியும் தேவைக்கு அடிப்படை, ஒளியூட்டல் ஆய்வாளர்கள் வான் பாமலும் கமினாடாவும் 1980இல் செய்த ஆய்வு. நான்கு மீட்டர் தொலைவில் எதிரே வருபவரின் முகத்தை அறிய, முக உயரத்தில் 0.8 லக்ஸ் அரை உருளை ஒளி (முகத்தைப் போன்ற வளைந்த பரப்பில் படும் ஒளி) வேண்டும் என்று அவர்கள் கண்டனர். விலகிச் செல்லவோ திரும்பி நடக்கவோ முடிவெடுக்க அந்தத் தொலைவு தேவை. தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு, தரையில் எத்தனை லக்ஸ் என்பதைவிட இந்த அளவே முக்கியம்.

கம்பமும் இடைவெளியும்

சாலை அகலம் விளக்கின் உயரத்துக்கு மிகாதபோது ஒருபக்கக் கம்பங்கள் போதும். அதைத் தாண்டி ஒன்றரை மடங்கு வரை மாற்றுப்பக்க அமைப்பும், அதற்கும் மேலே எதிரெதிர் அமைப்பும் ஏற்றவை. கம்ப இடைவெளி பொதுவாக விளக்கின் உயரத்தைப்போல மூன்று முதல் நான்கு மடங்கு.

8 மீட்டர் உயரத்தில் விளக்கு, 28 மீட்டருக்கு ஒரு கம்பம் என்று கொள்வோம். எல்லாத் திசையிலும் ஒரே செறிவில் ஒளி விடும் விளக்கானால், இரு கம்பங்களுக்கு நடுவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வந்து சேரும் ஒளி, கம்பத்தடி ஒளியில் எட்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் கால் பங்கு. இடையில் ஒரு விளக்கு பியூஸ் போனால், அந்தக் கம்பத்தடியில் அக்கம்பக்கத்து விளக்குகள் தருவது வழக்கமான ஒளியில் சுமார் 25இல் ஒரு பங்குதான். அந்த இருட்டில்தான் மூடி இல்லாத சாக்கடைக் குழியும், கொட்டி வைத்த ஜல்லிக் குவியலும் கண்ணுக்குத் தப்புகின்றன. கண் கூசும் ஒரு விளக்கைவிட மிதமான ஒளியில் தவறாமல் எரியும் பல விளக்குகள் நடப்பவரைக் காக்கும்.

ஒளியின் நிறமும் கணக்கில் வரும். நீலம் மிகுந்த வெண்ணொளி கண்ணைக் கூசச் செய்வதாலும் உறக்கத்தைப் பாதிப்பதாலும், நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேற்படாத எல்.இ.டி. விளக்குகளை அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது.

பாதுகாப்பும் குற்றமும்

நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் தற்காலிக விளக்குக் கோபுரங்கள் குலுக்கல் முறையில் நிறுத்தப்பட்டன. வெளிப்புறத்தில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டியது. நல்ல விளக்கு குற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு இது ஒரு வலுவான சான்று. இங்கிலாந்து, வேல்ஸில் விளக்கணைப்பால் குற்றமோ விபத்தோ கூடவில்லை எனக் கூறும் 2015 ஆய்வும் உண்டு. ஆனால் அது அந்நாட்டு உள்ளாட்சிப் பகுதிகளைப் பற்றியது. பாதி மனைகள் புதர் மண்டிக் கிடக்கும் புது நகருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சட்டப் பொறுப்பு

அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை தெருவிளக்கை நகர உள்ளாட்சியின் பொது வசதிகளில் சேர்க்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 110ஆம் பிரிவு, வீடுகள் நிறைந்த பகுதிகளின் பொதுச் சாலைகளில் விளக்கிடுவதை ஊராட்சியின் கடமையாக்குகிறது. மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016 உள்கட்டமைப்புப் பணிகளில் சாலை, நடைபாதை, வடிகாலோடு தெருவிளக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி கைமாற்றத்தில் இருக்கிறது. மனைப்பிரிவின் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்த பிறகு, மனை விற்றவர் பொறுப்பு முடிந்தது என்கிறார். நாலைந்து வீடுகள் மட்டுமே எழுந்த இடம் வீடுகள் நிறைந்த பகுதி ஆகவில்லை என்று உள்ளாட்சி தயங்குகிறது. முதலில் குடிவந்த குடும்பங்களே வாசலில் பல்பு மாட்டிச் சமாளிக்கின்றன. இது அநீதி. முதல் வீட்டுக்கு மின் இணைப்பு கிடைக்கும் நாளிலேயே அந்த வீட்டிலிருந்து பிரதான சாலை வரை விளக்கு எரிய வேண்டும். ஒப்படைப்புக்கு முன் இரவில் லக்ஸ் மீட்டர் கொண்டு அளந்து பதிவு செய்வதை நிபந்தனையாக்க வேண்டும்.

தற்போதைய நிலை

2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் மூலம் நாடெங்கும் பழைய விளக்குகள் எல்.இ.டி.க்கு மாற்றப்பட்டுள்ளன. ஆயினும் நடப்பவருக்கு ஆபத்து நீங்கவில்லை: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.